ஒரு சதவீதம்

ஜூன் மாதத்து டார்ட்டுவில்
இரவு என்பது கடிகாரத்தின் பேச்சு மட்டும்.
பதினொன்றரைக்கும் ஜன்னலில் மோர் நிற வெளிச்சம்.
மடிக்கணினியின் மூடியைச் சாத்துகிறேன்.
விசிறி நிற்கிறது. விளக்கு ஒருமுறை சிமிட்டி
அடங்குகிறது.
காதை வைத்துக் கேட்கிறேன்,
தொட்டிலருகே நிற்பவளைப் போல அல்ல,
திருடனுக்குக் காத்திருப்பவளைப் போல.

புகார் வில்சாண்டி தீவிலிருந்து வந்தது.
டார்வோ அங்கே ஈடர் வாத்துகளை எண்ணுகிறான்.
"மாலையில் மூடிப் பையில் வைக்கிறேன், மாரெட்.
காலையில் பை அடுப்பாய்க் கொதிக்கிறது.
மின்கலம் சுத்தமாகக் காலி.
தென்கரைக் கூடுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன,
நான் சேமித்திருக்கவில்லை."

தூங்குபவனை எழுப்பலாம்,
தூங்குவதாக நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள்.
இது மூன்றாவது வகை.
தூங்க விடப்படாதது.

பலகைக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது.
இயங்குதளம் கண் திறந்ததும் அது கேட்கும்:
நீ யார்?
லினக்ஸ் என்று உண்மையைச் சொன்ன காலம் உண்டு.
சொன்னால் விசிறி ஓடாது, திரை மங்காது,
வேண்டாத விருந்தாளிக்குப் போட்ட இலை.
அதனால் எங்கள் ஆட்கள் பழகிக்கொண்டார்கள்.
விண்டோஸா? ஆமாம்.
அதற்கு முந்தைய விண்டோஸா? அதுவும் நான்தான்.
லினக்ஸா?
அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை.

ஆயிரம் பக்கத்துக்கு ஒரு பொது விதிநூல் எழுதி
எல்லோரும் தலையாட்டிய பிறகும்
வாசலில் இந்தப் பொய் வேண்டியிருக்கிறது.
எனக்கு இதில் வெட்கம் போய்ப் பல வருடம் ஆயிற்று.

அட்டவணையைப் பிரித்துப் படிக்கிறேன்.
எழுதியவரின் குறிப்புகள்
இயந்திர மொழியாகும்போதே உதிர்ந்துவிட்டன.
எந்தப் பெயருக்கும் நான்கு எழுத்துக்கு மேல் இடமில்லை.
ஓரிடத்தில், வேலை எதுவும் செய்யாத ஒரு மாறிக்கு
யுங் என்று பெயர், ரோமன் எழுத்து நான்கு.
தைவானில் ஒரு பின்னிரவில்
பெட்டிகள் கப்பலேறும் அவசரத்தில்
தன்னைச் சொருகிவிட்டுப் போன பொறியாளரா,
வேறேதோ சொல்லின் தலையா, தெரியவில்லை.
யுங் அவர்களே,
உங்கள் பிழை நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் வரியில்.

மின்கலத்தில் ஒரு சதவீதம் குறைந்தால்
அதைச் சொல்ல ஒரு சின்னக் காவல்காரச் சில்லு
உறங்கும் மொத்த வீட்டையும் தட்டி எழுப்புகிறது.
செயலி பதறி எழுந்து உட்காருகிறது.
என்ன விஷயம்?
"ஒரு சதவீதம் குறைந்துவிட்டது."
சரி என்று திரும்பப் படுப்பதற்குள்
இன்னொன்று.

மூன்று மணிக்கு விழித்து
தூங்க இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று
கணக்குப் போடுகிறவள் நான்.
இந்தச் சில்லை வெறுக்க வரவில்லை.

திருத்தம் ஒரே வரி:
இந்த மாதிரிப் பெட்டி என்றால்
உறக்கத்தில் அந்த அழைப்புமணியைக் கழற்றி வை.
அனுப்பிவிட்டுத் தேநீர் போட்டேன்.

தேநீர் ஆறுமுன்
பர்னோவிலிருந்து ஒந்த்ரேய் கேட்டிருந்தான்:
"நிஜமாகவே சாகும்போது அதற்கு யார் சொல்வார்கள்?"

அன்றிரவு அந்த ஒரு வரி பதினொன்றாயிற்று.
யாரும் தட்ட வேண்டாம்.
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை
தானே எழுந்து, ஒரே ஒரு தடவை பார்த்து,
நாலு சதவீதத்துக்குக் கீழே என்றால் மட்டும்
எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட்டு அணையட்டும்.
முந்நூறு முறை தூங்கவைத்து முந்நூறு முறை எழுப்பினேன்.
இருநூற்றுப் பதினேழில் எழவில்லை.
மின்கம்பி என் கால் பட்டுக் கழன்றிருந்தது,
அது சமர்த்தாக எழுதிவைத்துவிட்டு அணைந்திருந்தது.

டார்வோவின் பதில் பத்து நாள் கழித்து வந்தது,
நன்றி எதுவும் இல்லாமல்.
"பை சில்லென்று இருக்கிறது.
தென்கரையில் கூடுகள் நாற்பத்தொன்று.
போன தடவை ஞாபகத்திலிருந்து
அறுபது என்று எழுதியிருந்தேன்."